அருவி ஸ்டேஜ்

கான்ட்ரா என்ற வீடியோ கேமின் மூன்றாவது ஸ்டேஜுக்கு எங்கள் தெருப் பையன்கள் வைத்திருந்த பெயர் குத்தாலம். முதல் ஸ்டேஜ் காடு. இடமிருந்து வலமாக ஓட வேண்டும். இரண்டாவதில் கோட்டைக்குள் புகுந்து சுவர் சுவராக உடைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்றாவதில் திரை மேல்நோக்கி நகரும். கொட்டுகிற அருவியின் மேலேயே பாறைக்குப் பாறை தாவி ஏற வேண்டும். உச்சியிலிருந்து உருண்டைக் கற்கள் விழும், பாலத்தின் மேல் தீப்பந்துகள் அங்குமிங்கும் ஓடும். ஜப்பான்காரன் நம்ம ஊருக்கு வந்து பார்த்துத்தான் வரைந்திருக்கிறான் என்று சத்தியம் செய்த பையன்கள் உண்டு. அது பேரருவியா ஐந்தருவியா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

இரண்டு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டுக்குப் புதிதாக வருபவருக்கு என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டால் நான் அந்த மூன்றாவது ஸ்டேஜிலிருந்துதான் தொடங்குவேன். சுடுவதும் தாவுவதும் கைக்குத் தானாக வந்துவிடும். கூட ஆடுகிறவர் திரையில் எங்கே நிற்கிறார் என்று பார்க்கிற கண் தானாக வராது. அது வராதவரை ஒருவர் எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் தனியாகத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இன்னொருவர் சும்மா செத்துக்கொண்டிருப்பார்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம் புதிதாக எழும்பி 1990இல் கும்பாபிஷேகம் ஆகிச் சில வருஷங்கள்தான். சாரல் மாதங்களில் கோபுர வாசலைக் கடக்கும்போது மலைக்காற்று வேட்டியைத் தூக்கும். அந்தக் காற்றைத் தாண்டிச் சன்னதித் தெருப் பக்கம் வந்தால் ஒரு மாடிப்படிக்கு அடியில் வீடியோ கேம் கடை. மூன்று டிவி, பலகைப் பெஞ்சு, ஒரு மேசை விசிறி.

கொனாமி நிறுவனம் கான்ட்ராவை 1987இல் காசு போட்டு ஆடும் பெட்டியாகக் கொண்டுவந்தது. வீட்டு டிவியில் ஆடும் வடிவம் நிண்டெண்டோ இயந்திரத்துக்கு 1988இல் வந்தது. நிண்டெண்டோ என்ற பெயரே எங்கள் காதில் விழுந்ததில்லை. எங்களுக்கு அது 'டிவி கேம்'. எந்தக் கம்பெனியின் நகல் என்று யாரும் கேட்கவில்லை. ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் இதன் வயரைச் செருகி, சேனலைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிக்க வேண்டும். கேசட்டின் மேல் 9999 இன் 1 என்று போட்டிருக்கும். உள்ளே உருப்படியாக இருப்பது ஒரு கைப்பிடி ஆட்டங்கள். மிச்சமெல்லாம் அவையே வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அந்த மோசடியை யாரும் மோசடியாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்கார அண்ணாச்சிக்குச் சாதாரண நாளில் மணிக்கணக்கில் காசு. ஜூனில் சீசன் தொடங்கிவிட்டால் ஆட்டக் கணக்கு. அதற்குக் காரணம் குற்றாலம். பேரருவியில் வெள்ளம் வந்து போலீஸ் குளிக்கத் தடை போட்டுவிட்டால், வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் போக்கிடம் இல்லாமல் தென்காசி பஜாருக்குள் இறங்கும். பெரியவர்கள் துணிக்கடைக்குப் போக, பிள்ளைகள் இங்கே. அருவித் தடை நீளுகிற நாளில் அண்ணாச்சி முகத்தில் ஒரு பக்தி தெரியும். சுவரில் இரண்டு அறிவிப்புகள் ஒட்டியிருந்தார். ஒன்று, எண்ணெய்க் கையோடு ஜாய்ஸ்டிக்கைத் தொடக் கூடாது. அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு குளிக்க முடியாமல் திரும்பி வந்தவர்கள் பட்டனில் விரல் வைத்தால் வழுக்கும், அடுத்தவனுக்கும் ஒட்டும். இன்னொன்று, சீசனில் முப்பது லைஃப் கிடையாது.

முப்பது லைஃப் என்பது கான்ட்ரா ஆடிய எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முகப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர். கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் 1986இல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை வீட்டு இயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, தானே சோதித்துப் பார்க்க முடியாத அளவுக்கு அது கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்குவழி இது. அவர் 2020 பிப்ரவரியில் இறந்தபோது உலகமே அந்தப் பத்து அழுத்தல்களை எழுதி அஞ்சலி செலுத்தியது. இரண்டு பேர் ஆடும்போது கடைசியில் செலக்ட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஸ்டார்ட் அழுத்த வேண்டும் என்பதை அண்ணாச்சி யாருக்கும் சொல்ல மாட்டார். ஆட்டக் கணக்கில் காசு வாங்குகிறவருக்கு முப்பது உயிர் கட்டுபடியாகாது.

புதியவர்களுக்கு முப்பது உயிர் நல்லதல்ல என்பது என் கட்சியும்கூட, அண்ணாச்சியின் காரணத்துக்காக அல்ல. முப்பது இருந்தால் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. மூன்று இருந்தால்தான் பக்கத்தில் இருப்பவர் நினைவுக்கு வருவார்.

கடைக்குப் பெண்பிள்ளைகள் வர மாட்டார்கள், வந்தால் வீட்டில் தோலை உரித்துவிடுவார்கள். ஆனால் நான் சேர்ந்து ஆடியவர்களில் ஆகச் சிறந்த ஜோடி என் சித்தி மகள்தான். சித்தியைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருந்தது. லீவு விட்டால் மீட்டர் கேஜ் ரயிலில் ஆரியங்காவுக் குகையைத் தாண்டிச் செங்கோட்டை வழியாக வந்து இறங்குவாள். அவளுக்காகவே அண்ணாச்சியிடம் ஒரு செட்டை ராத்திரி வாடகைக்கு எடுப்போம். அட்வான்ஸாக அப்பாவின் கைக்கடிகாரம் கடையில் இருக்கும். அப்பாவுக்கு அது தெரியும் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாரல் காலத்தில் கேசட் சரியாக எடுக்காது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நெளியும். ஊரெல்லாம் செய்கிற வைத்தியம், கேசட்டை உருவி வாயால் 'பூ' என்று ஊதிச் செருகுவது. ஊதுவதால் போகிற தூசியைவிட ஒட்டுகிற எச்சில் ஈரம் அதிகம். துணி காயவே மூன்று நாளாகிற ஊரில் அந்த ஈரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற செம்புப் பற்கள் கறுக்கத்தான் செய்யும். சித்தி மகள் பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை மெள்ளத் தேய்த்து, தாவணி நுனியால் துடைத்துப் போடுவாள். உடனே எடுக்கும். புனலூரில் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட்டும் செலக்ட்டும் இருக்காது. முதல் ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவன் நிறுத்தினால்தான் ஆட்டம் நிற்கும். ஒருவன் முதலாளி, ஒருவன் வேலையாள் என்று இயந்திரமே பிரித்து வைத்துவிட்டது. வீட்டில் மூத்தவன் கையில் முதல் ஜாய்ஸ்டிக், கேள்வியே கிடையாது. புதிதாக ஆடுகிறவரிடம் முதலாவதைக் கொடுத்துவிடுங்கள் என்பது என் சிபாரிசு. அவருக்குக் குழம்பும்போது அவரே நிறுத்திக்கொள்ளட்டும். 'கொஞ்சம் நிறுத்து' என்று கெஞ்சிக்கொண்டே செத்துப்போவது போன்ற அவமானம் விளையாட்டில் வேறில்லை.

சரி, அருவிக்கு வருவோம்.

காட்டு ஸ்டேஜில் ஒருவர் பின்தங்கினால் பெரிய பாதகமில்லை. பின்னால் நிற்பவர் திரையின் இடது ஓரத்தில் இருக்கும்வரை திரை நகராது. முன்னால் ஓடியவர் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். விளையாட்டே அவருடைய சட்டையைப் பிடித்து நிறுத்துகிறது. அருவியில் அந்தக் கரிசனம் கிடையாது. மேலே ஒருவர் ஏற ஏறத் திரை அவரோடு ஏறும். கீழ்ப் பாறையில் நிற்பவர் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே போனால் செத்தார். ஒரு வினாடிக்கு முன் அங்கே பாறை இருந்தது உங்கள் கண்ணுக்குத் தெரியும். திரையை விட்டுப் போன பாறை விளையாட்டுக்கு இல்லாத பாறை. எதிரியின் குண்டு ஒன்றுகூட மேலே படாமல், கூட்டாளி வேகமாக ஏறியதால் மட்டுமே ஒருவர் மூன்று உயிரையும் இழக்கலாம். ஏறியவருக்கு அது தெரியவே தெரியாது. அவர் பார்வை முழுக்க அடுத்த பாறையில்.

சித்தி மகள் கத்துவது இன்னும் காதில் இருக்கிறது. "ஏ அண்ணே, நில்லு. நான் கீழ கெடக்கேன்."

"சீக்கிரம் வா, கல்லு விழுது."

"நீ ஏறுதேல்லா, அதான் கல்லு வாரதுக்கு முன்னால எனக்குப் பாறையே போயிருது. ஒரு பாறை ஏறு, நில்லு. நான் வந்து தொட்டதும் அடுத்தது ஏறு."

அதன்பிறகு நாங்கள் அப்படித்தான் ஏறினோம். ஒரு பாறை, ஒரு நிறுத்தம். சிவப்புப் பேன்ட்காரி வந்து சேர்ந்ததும் நீலப் பேன்ட்காரன் கிளம்புவான். அடுத்த பாறைக்கு அவள் முதலில், நான் பின்னால். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பையன்களுக்கு எரிச்சலாக இருக்கும். இவ்வளவு மெதுவாகவா ஆடுவது? ஆனால் உச்சியில் இரண்டு நீளக் கைகளை ஆட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிலைப் பூதத்தின் முன்னால் இரண்டு பேரும் உயிரோடு, இரண்டு துப்பாக்கியோடு நிற்பவர்கள் நாங்கள் மட்டும்தான். தனியாக ஓடி வந்த சூரர்கள் அதன் கைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

பழைய குற்றாலத்தில் குடும்பத்தோடு குளிக்கப் போனால் சித்தப்பா தண்ணீருக்குள் கடைசியாக நின்று, தலைகளை எண்ணி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் தான் வருவார். அவர் குளித்ததாகவே எனக்கு நினைவில்லை. அவருடைய மகளுக்கு இந்தக் கண் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இன்னொன்றையும் அவள்தான் கண்டுபிடித்தாள், காரணம் எனக்குத் தெரிந்தது ரொம்பப் பிற்பாடு. இரண்டு பேரும் ஒரே மட்டத்தில் பக்கம் பக்கமாக நின்று சுட்டால் படம் மினுங்கும். எதிரியின் குண்டு சட்டென்று மறைந்து, வெடித்த பிறகுதான் தெரியும். அந்த இயந்திரத்தால் ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருத்துண்டுகளுக்கு மேல் வரைய முடியாது. ஓர் ஆளே சில துண்டுகளால் ஆனவன். இரண்டு ஆள், அவர்களின் குண்டுகள், எதிரி, எதிரியின் குண்டு என்று எட்டைத் தாண்டியதும் சிலது வரையப்படாமல் போகும். அடுத்த நொடிப்பொழுதில் வேறு சிலது விடுபடும். அதுதான் மினுக்கம். "ஒண்ணு நீ படு, இல்லன்னா நான் மேல போறேன். ஒரே எடத்துல நின்னா குண்டு தெரிய மாட்டேங்கு" என்று அவள் சொன்னது மின்னணுவியல் படிக்காமலே சொன்ன சரியான வார்த்தை. ஒருவர் தரையில் படுத்துச் சுட, மற்றவர் மேலே நின்று சுட்டால் திரை சுத்தமாக இருக்கும், இரண்டு உயரத்து எதிரிகளும் அடிபடுவார்கள்.

எஸ் துப்பாக்கிக்கு நடந்த சண்டைகள் தனி. பறந்து வரும் டப்பாவைச் சுட்டால் எழுத்து போட்ட பருந்துச் சின்னம் விழும். எஸ் என்றால் ஒரே சுடலில் ஐந்து குண்டு விசிறிபோல் விரியும். முதலில் தொடுகிறவருக்குத்தான். கடையில் இதற்காகக் கைகலப்பே நடந்திருக்கிறது. செத்தால் துப்பாக்கியும் போய்விடும், அதனால் நன்றாக ஆடுபவரிடம் இருந்தால்தான் நிலைக்கும் என்று ஒரு வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறிபார்க்கத் தெரியாதவருக்குத்தான் விசிறிக் குண்டு தேவை; அருவியில் கீழே நிற்பவரிடம் அது இருந்தால் மேலே ஏறுபவரின் தலைக்கு மேலும் சேர்த்துத் துடைத்துவிடும். குறி தெரிந்தவருக்குச் சாதாரணத் துப்பாக்கியே போதும்.

டாங்கி ஆட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நாம்கோவின் பேட்டில் சிட்டி, 1985. இரண்டு டாங்கிகள் சேர்ந்து ஒரு கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும். கூட்டாளியின் குண்டு உங்கள் மேல் பட்டால் சாக மாட்டீர்கள், கொஞ்ச நேரம் நகர முடியாமல் உறைந்து நிற்பீர்கள். கோபத்தில் தம்பியைச் சுட்டு உறைய வைத்துவிட்டு, அந்த நேரத்தில் கழுகைப் பறிகொடுத்த அண்ணன்மார்கள் எங்கள் தெருவில் நிறைய. கழுகு போனால் இரண்டு பேருக்கும் ஆட்டம் முடிந்தது.

இடையில் வருஷங்கள் ஓடின. செல்போனில் பப்ஜி வந்தது. கொரோனா ஊரடங்கில் அருவிகளை மூடியிருந்தபோது மலையடிவாரத்துப் பையன்கள் நான்கு நான்கு பேராக, சிக்னல் கிடைக்கிற திண்ணைகளில் அதே கதியாகக் கிடந்தார்கள். 2020 செப்டம்பரில் தடை வந்தது, அடுத்த வருஷம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. நான் அதில் சேரவில்லை. கைபேசித் திரையில் இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே எனக்குக் கண் தெரிவதில்லை.

சித்தி மகள் இப்போது தென்காசியில்தான் இருக்கிறாள். வீட்டுக்காரருக்கு மத்தளம்பாறைப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மகன் கல்லூரிக்குப் போகிறான். 2024 சீசனில் ஊருக்குப் போயிருந்தபோது அவன் ஹெல்டைவர்ஸ் 2 ஆடிக்கொண்டிருந்தான். அந்த வருஷம் பிப்ரவரியில் வந்த ஆட்டம், சுவீடனில் உருவானது. நான்கு பேர் சேர்ந்து ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கி, பூச்சிகளையோ இயந்திரப் படையையோ அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். மற்ற மூன்று பேரில் ஒருவன் சென்னையில், இரண்டு பேர் ஷார்ஜாவில். அவர்களில் ஒருவன் வராத ஒரு ராத்திரி, "மாமா, நீங்க வாங்க" என்று ஹெட்செட்டை என் தலையில் மாட்டிவிட்டான்.

அந்த ஆட்டத்தில் கூட்டாளியின் குண்டு கொல்லும். அதை நிறுத்தி வைக்கிற வசதியே கிடையாது. நான் மண்டியிட்டுச் சுட்டால் எனக்கு முன்னால் நிற்பவன் முதுகில் படும். "மாமா, நான் முன்னால நிக்கும்போது நீங்க ஒக்காந்து சுடாதீங்க, நீங்க நில்லுங்க, நான் ஒக்காந்துக்கிடுதேன்" என்று மருமகன் ஏற்பாடு செய்தான். வீட்டுக்குள் அவன் அம்மா சிரிப்பது கேட்டது. உயிர்கள் பொதுக் கணக்கு. ஆளுக்கு ஐந்து வீதம் நான்கு பேருக்கு இருபது. நான் செத்தாலும் அதே பையிலிருந்துதான் எடுக்கிறார்கள். குண்டுப் பெட்டி வானத்திலிருந்து விழுந்தால் அதில் நான்கு பொட்டலம் இருக்கும், ஆளுக்கு ஒன்று. அவசரத்தில் இரண்டை எடுத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நகரும் புதியவர்களை இந்தப் பையன்கள் நன்றாக அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

செத்தவனைத் திரும்ப அழைப்பதற்கு ஒரு குறி உண்டு. மேல், கீழ், வலம், இடம், மேல். என் விரல்கள் அதை மருமகன் சொல்லி முடிப்பதற்குள் போட்டுவிட்டன. "எப்டி மாமா அதுக்குள்ள?" என்றான். அவனுக்கு ஹாஷிமோட்டோ கதையைச் சொல்ல அப்போது நேரமில்லை, மூன்று பக்கமும் பூச்சிகள்.

வேலை முடிந்ததும் அழைத்துப் போக ஒரு விமானம் வந்து இறங்கும். எல்லோரும் அதை நோக்கி ஓடினோம். நான்தான் முன்னால். கதவு திறந்திருக்க, சென்னைப் பையன் அதன் வாசலில் உள்ளே போகாமல் நின்று, பின்னால் வரும் பூச்சிகளைச் சுட்டுக்கொண்டிருந்தான். முதல் ஆள் ஏறியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் ஏறாதவனை விட்டுவிட்டு விமானம் கிளம்பிவிடும். ஒருவரும் ஏறாதவரை அது காத்திருக்கும். ஷார்ஜாப் பையன் ஒருவன் இன்னும் மேட்டுக்கு அந்தப் பக்கம் நொண்டிக்கொண்டு வந்தான்.

"ஏறிறாதீங்க மாமா" என்றான் மருமகன்.

அடுக்களையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்த அவன் அம்மா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவங்க ஏறிருவாங்கல, நீ கதவ மறிச்சு நில்லு" என்றாள்.